கட்டுச்சோறும் கூட்டுப் பயணமும்

"கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறர் அறிவைக் கடன் வாங்கி நெடுநாள் வாழ இயலாது என்பதை உணர்த்த எழுந்த மொழி அது. அதன் முற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கட்டிய சோறு எத்தனை மணி நேரத்திற்குக் கெடாமல் இருக்கும் என்று நான் ஒரு முறையேனும் எண்ணிப் பார்த்திருந்தால், ஓர் இரவு முழுவதும் மருத்துவமனை விசுப்பலகையில் கண்விழித்து உட்கார நேர்ந்திராது.

மாணவ நண்பர்களே, அந்த நிகழ்ச்சியைச் சொல்லியே இப்பேச்சைத் தொடங்குகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன், ஐம்பது மாணவர்களுடன் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குப் பேருந்தில் புறப்பட்டோம். பொறுப்பாசிரியன் நான். எந்த வண்டி, என்ன கட்டணம், எங்கே தங்குவது என்பவற்றைப் பத்து நாட்கள் ஆராய்ந்தோம். உணவைப் பற்றிய பேச்சோ கடைசி நாளில் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. "தேங்காய்ச் சோறு!" என்று பலர் குரல் கொடுத்தனர், பெரும்பான்மையோர் விருப்பம் என்று நானும் இசைந்தேன். நள்ளிரவு ஒரு மணிக்குச் சமைத்து, ஆவி பறக்கப் பறக்கப் பெரிய அண்டாவில் இட்டு மூடி, வண்டியில் ஏற்றினோம். ஏரிக்கரையில் அமர்ந்து அதை உண்டபோது பகல் ஒரு மணி. சோற்றில் தீய நாற்றம் இல்லை. சுவையிலும் மாற்றம் இல்லை.

மாலையில் மலையை விட்டு இறங்கும்போது ஒருவன் வாந்தியெடுத்தான். பிறகு மூவர்; பிறகு ஒன்பது பேர். கொண்டை ஊசி வளைவுகளின் தலைச்சுற்றல் என்றே எண்ணி, எலுமிச்சம்பழத்தை முகரச் சொன்னேன். வண்டி சமவெளியை அடைந்தது. அதன் பிறகும் வாந்தி நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மை விளங்கிற்று. அடிவாரத்து ஊர் ஒன்றில் மருத்துவரிடம் ஓடினோம். எல்லோரும் மறுநாள் காலையில் நலமாகவே வீடு திரும்பினர். ஆயினும் அன்றிரவு, கையில் ஊசி குத்தப்பட்டுக் கிடந்த ஒரு சிறுவனின் தாயாருக்குத் தொலைபேசியில் செய்தி சொல்ல நான் சொற்களைத் தேடிய வேதனை இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

என்ன நேர்ந்தது? அரிசியில் இயல்பாகவே காணப்படும் நுண்ணுயிர் ஒன்று உண்டு. 'பேசில்லஸ் சீரியஸ்' என்று அதனை அறிவியலார் அழைப்பர். அது வித்து வடிவில் உறங்கும்போது கொதிநீரும் அதனைக் கொல்வதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருந்தால் அந்த வித்து விழித்துக்கொள்கிறது, பல்கிப் பெருகுகிறது, நஞ்சையும் உண்டாக்குகிறது. வாந்தியை விளைவிக்கும் அந்த நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. உண்ட ஓரிரு மணி முதல் ஆறு மணி நேரத்திற்குள் தன் வேலையைக் காட்டிவிடும். நாக்கும் மூக்கும் இதனை அறிய மாட்டா.

பொதுவாக, ஐந்து பாகை முதல் அறுபது பாகை செல்சியஸ் வரை உள்ள வெப்பநிலையே நுண்ணுயிர்கள் செழிக்கும் களம். சமைத்த ஈர உணவு அக்களத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருத்தலாகாது என்பது உணவு நலம் கற்பிப்போர் கூறும் விதி. கோடை வெயிலில் ஒரு மணி நேரமே எல்லை. எங்கள் சோறோ பன்னிரண்டு மணி நேரம் அங்கே இருந்தது! கொடைக்கானல் குளிர்ந்த இடம்தானே என்று நீங்கள் கேட்கலாம். மலைக் குளிர் மூடிய அண்டாவின் நடுவே புகவில்லை. பெரிய பாத்திரத்தில் குவித்து வைத்த சோறு எளிதில் ஆறாது. அதன் உள்ளிடம் பல மணி நேரம் இளஞ்சூட்டிலேயே இருக்கும்.

அப்படியானால் கட்டுச்சோறே கூடாதா? கூடும். பேருந்தும் இரயிலும் இல்லாத காலத்திலேயே நம் முன்னோர் பொதிசோறு கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தனர். பசியால் வருந்திய அப்பரடிகளுக்குத் திருப்பைஞ்ஞீலி வழியில் இறைவனே பொதிசோறு தந்தான் என்று பெரியபுராணம் கூறும். வழிநடை உணவைத் தேர்வதில் நம்மவர் கண்ட முறைகளை உற்று நோக்கினால் மூன்று காவல்கள் புலப்படும்.

முதற்காவல் புளிப்பு. புளியில் உள்ள அமிலம் நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. புளியைக் கரைத்து, நீர் வற்றக் காய்ச்சி, உப்பும் நல்லெண்ணெயும் சேர்த்த புளிக்காய்ச்சலைச் சோற்றுடன் கலந்தால், அது தேங்காய்ச் சோற்றைக் காட்டிலும் நெடுநேரம் தாங்கும். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி விரைவில் ஆறவிட்டே கலக்க வேண்டும். சிறு சிறு பொட்டலங்களாகக் கட்ட வேண்டும். தயிர்ச்சோற்றையும் புளிப்பே காக்கிறது. ஆயினும் இவை இரண்டும் காலையில் கட்டி நண்பகலில் உண்பதற்கே உரியவை. அடுத்த நாளுக்கு வைத்திருக்கத் தக்கவை அல்ல.

இரண்டாங்காவல் வறட்சி. நீரின்றி நுண்ணுயிர் வளராது. முறுக்கு மாவைக் காய்ந்த எண்ணெயில் பிழியும்போது சலசலவென்று எழும் ஒலி, மாவிலுள்ள நீர் ஆவியாகி ஓடும் ஒலியே ஆகும். அவ்வோசை அடங்கினால் முறுக்கு வெந்துவிட்டது என்று நம் வீட்டுப் பெண்டிர் அறிவர். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கும், தட்டையும், பொரியும், பொட்டுக்கடலையும் இவ்வகையின. இவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தல் வேண்டும். இல்லையேல் காற்றின் ஈரத்தை ஈர்த்து நமத்துப் போகும். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி வேண்டா; மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கொள்ளுங்கள். ஈரமும் கொழுப்பும் நிறைந்த சட்னி வெயிலில் மிக விரைவில் கெடும்.

மூன்றாங்காவல் இனிப்பு. வெல்லப்பாகு, தன்னில் எஞ்சியுள்ள சிறிதளவு நீரையும் நுண்ணுயிருக்குக் கிட்டாதபடி பிணைத்து வைத்துக்கொள்கிறது. 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும், பொரிவிளங்காய் உருண்டையும் பல நாள் கெடாதிருப்பதன் காரணம் இதுவே.

இவற்றோடு இயற்கையே கட்டித் தந்த பொட்டலங்களும் உள்ளன. வாழைப்பழமும் ஆரஞ்சும் தம் தோலையே உறையாகக் கொண்டவை. உரிக்கும் வரை அவற்றின் உள்ளே தூசி புகாது. நறுக்கி வைத்த பழத்திற்கோ அந்தக் காவல் இல்லை.

மலைப்பாதைப் பயணத்தில் வேறொன்றையும் கருத வேண்டும். உடல் அசைவதை உட்செவி உணர்த்துகிறது. வண்டிக்குள் நோக்கும் கண்ணோ அசைவில்லை என்கிறது. இந்த முரண்பாடே தலைச்சுற்றலுக்குக் காரணம். எண்ணெயில் பொரித்ததை வயிறு நிறைய உண்டு மலையேறினால் தொல்லை மிகும். வெறும் வயிறும் நன்றன்று. இரண்டு இட்லி போதும். இஞ்சி முரப்பா பலருக்கு உதவுகிறது. மேலே சென்றதும் வறுவல் பைகள் பந்துபோல் உப்பிவிடும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவதால், பைக்குள் அடைபட்ட காற்று விரிகிறது. உப்பிய பை தீங்கற்றது. மணம் மாறாத எங்கள் சோறு தீங்குடையது. கண்ணையும் மூக்கையும் மட்டும் நம்பி உணவைத் தேர்தல் ஆகாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இனி, என்னை மேலும் சிந்திக்க வைத்த ஒன்றைச் சொல்கிறேன். அந்த நிகழ்ச்சிக்குப் பின் இரண்டாண்டுகள், "அவரவர் உணவை அவரவர் கொண்டு வருக" என்று விதித்துவிட்டேன். பொறுப்பு நீங்கியது என்று மகிழ்ந்தேன். இரண்டாம் ஆண்டுப் பயணத்தில் எல்லோரும் மரநிழலில் அமர்ந்து டப்பாக்களைத் திறந்தபோது, ஒரு மாணவன் மட்டும் வண்டியிலேயே இருந்தான். "வயிறு சரியில்லை, ஐயா" என்றான். மாலையில் வழிக்கடையில் நான் வாங்கித் தந்த இரண்டு வாழைப்பழங்களை அவன் உண்ட விரைவைக் கண்டபோது, அவன் வயிற்றில் பசி ஒன்றைத் தவிர வேறு குறை இல்லை என்பதை அறிந்தேன். அவன் கொண்டுவர ஒன்றும் இல்லை. அதைச் சொல்லவும் நாணினான்.

அன்று முதல் ஒரு முறையைக் கைக்கொண்டேன். உணவு பொது, எல்லோருக்கும் ஒன்றே. இயன்றவர் இயன்றதைத் தருவர். யார் எவ்வளவு தந்தார் என்பது எனக்கு மட்டுமே தெரியும். கணக்கும் எளிது. ஐம்பது பேருக்கு, ஆளுக்கு நூறு கிராம் அரிசி வீதம் ஐந்து கிலோ. இரண்டு முறுக்கு வீதம் நூறு. குடிநீர் ஆளுக்கு ஒரு லிட்டர் வீதம் ஐம்பது லிட்டர், வழியில் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். புறப்படுமுன், "யாருக்கு எது ஒவ்வாது?" என்று தனித்தனியே கேட்கிறேன். வேர்க்கடலை சிலருக்கு ஒவ்வாது. அந்த ஒவ்வாமை மூச்சையே அடைக்கவல்லது. அத்தகையவர் ஒருவர் இருந்தாலும் அன்று வண்டியில் கடலைமிட்டாய் ஏறாது. காரம் தாங்காத ஒருவன் இருந்தால் மிளகாய் குறையும்.

பெரும்பான்மையோரின் நாக்குக்கு ஏற்ப அன்று நான் உணவைத் தேர்ந்தேன், அது பிழை. குழுவில் மிக மெலிந்த வயிறு எது, மிக மெலிந்த பணப்பை எது என்று பார்த்து, அவற்றுக்கு ஏற்ற உணவையே தேர வேண்டும். அவர்களுக்குப் பொருந்துவது மற்றவர்க்கும் பொருந்தும். நாற்பத்தொன்பது பேர் ஒருநாள் கடலைமிட்டாய் இன்றி இருப்பதால் யாதொரு குறையும் இல்லை. ஒருவன் பட்டினி கிடப்பது பெருங்குறை.

உண்டபின் செய்ய வேண்டியதும் தேர்விலேயே அடங்கியுள்ளது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகள், தட்டுகள், குவளைகள் முதலியவற்றைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் நாள் முதல் தடை செய்துள்ளது. வாழையிலையில் கட்டுங்கள், எவர்சில்வர் குவளையில் பருகுங்கள். மலைப்பாதைக் குரங்குகளுக்கு முறுக்கை எறியாதீர்கள். அவை காட்டில் இரை தேடுவதை விட்டுச் சாலைக்கு வந்து, வண்டிச் சக்கரத்தில் அடிபட்டு மாள்கின்றன.

நண்பர்களே, இன்ன ஊருக்கு இன்ன பலகாரம் என்று ஒரு பட்டியலை நான் உங்களுக்குத் தரவில்லை. சொல்லிக் கொடுத்த சொல் எத்தனை நாளைக்கு? இந்த உணவில் ஈரம் எவ்வளவு, புளிப்பு உண்டா, உண்ணும் வரை எத்தனை மணி நேரம், இதை உண்ண இயலாதவர் நம்முள் யார்? இந்நான்கு வினாக்களையும் நீங்களே கேட்டு விடை காணுங்கள். அடுத்த பயணத்திற்கு உணவு தேரும் நாளில், ஐந்து நிமிடத்திற்குப் பதிலாக அரை மணி நேரம் கூடிப் பேசுங்கள். உங்கள் ஆசிரியர் அன்றிரவு நிம்மதியாக உறங்குவார்.