நடந்ததைப் பேசுவோம்... நபரைப் பேச வேண்டாம்!

கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த மறுநாள், வீட்டுப் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். "அடுத்த விசேஷத்துக்கு இலை நூறு கூடுதலாகச் சொல்லணும்" என்று முடிந்தால் லாபம். "எல்லாம் சின்ன மருமகளால் வந்தது" என்று முடிந்தால் சண்டைதான் மிச்சம்!

தொழிற்சாலையிலும் இதே கதைதான். செம்பரம்பாக்கம் வழியாக ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்களில் எத்தனை இளம் பெண்கள்! சிலர் இன்று ஒரு குழுவையே நடத்தும் லைன் லீடர்கள். ஒரு வேலை முடிந்ததும் குழுவாக உட்கார்ந்து, நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டத்தை நடத்துவதும் அவர்கள் பொறுப்பாகிறது.

இது புது விஷயமல்ல. ஜப்பானில் பேராசிரியர் இஷிகாவா 1962-ல் 'தர வட்டம்' என்ற முறையைப் பரப்பினார். வேலை செய்கிறவர்களே கூடி, குறையைக் கண்டு, அவர்களே வழி சொல்வது. நம் நாட்டில் 1980-ல் ஹைதராபாத்தை அடுத்த ராமச்சந்திரபுரம் 'பெல்' ஆலையில் இது தொடங்கியது.

பேச இடமில்லாவிட்டால் என்ன ஆகும்? 2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பிட்ட பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் நிலைமை தெரியாமல் வதந்தி பரவ, தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அறை நெருக்கடி, சாப்பாட்டுக் குறை எல்லாம் ஊரறிய வெளிவந்தது. மூடிய ஆலை 2022 ஜனவரியில்தான் திறந்தது. மதகை அவ்வப்போது திறக்காவிட்டால் கரைக்கே ஆபத்து என்று செம்பரம்பாக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

சரி, கூட்டத்தை எப்படி நடத்துவது?

1. வேலை நேரத்திலேயே முக்கால் மணி ஒதுக்குங்கள். இரவு ஷிப்டு முடித்துத் தூக்கம் சொக்கும் பெண்ணைப் பிடித்து உட்கார வைத்தால், "எல்லாம் சரிங்கக்கா" என்றுதான் பதில் வரும்.

2. வட்டமாக உட்காருங்கள். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம்.

3. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. நன்றாக நடந்தது எது, சிரமப்படுத்தியது எது, மாற்ற வேண்டியது எது? பேர் போடாமல் எழுதட்டும். வாய் திறக்கக் கூச்சப்படுகிற பெண்ணின் சீட்டில்தான் பல சமயம் முக்கியமான விஷயம் இருக்கும். கழிப்பறைக்குப் போக விடுவதில்லை என்பதைக்கூட அவள் சீட்டில் எழுதிவிடுவாள்.

4. புதிதாக வந்தவள் முதலில் பேசட்டும், தலைவி கடைசியில். தலைவி முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி.

5. "யார் செய்தது?" என்று கேட்காதீர்கள். "ஏன் நடந்தது?" என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, மாலையில் பழுதான பொருள் அதிகம் வருகிறதா? ஏன்? கண் சோர்கிறது. ஏன்? வெளிச்சம் போதவில்லை. ஏன்? ஒரு விளக்கு எரிவதில்லை. ஏன்? யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. பார்த்தீர்களா, திட்டு வாங்க வேண்டியவள் யாருமே இல்லை!

6. பத்துக் குறை வந்தாலும் ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள். யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று நோட்டில் எழுதுங்கள். உங்கள் கையில் இல்லாததை மேலதிகாரியிடம் கொண்டு போங்கள். அவர் சொன்ன பதிலை, "முடியாது" என்றாலும், குழுவிடம் வந்து சொல்லிவிடுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கூட்டத்தில் சொன்னதற்காக ஒருத்தி பிறகு பேச்சு வாங்கினால், அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவளைக் காப்பது தலைவியின் கடமை.

மகளிர் சுய உதவிக் குழுவுக்கும் இந்த முறை அப்படியே பொருந்தும். ஒவ்வொரு கூட்டத்தையும், "போன தடவை சொன்னோமே, செய்தோமா?" என்ற கேள்வியோடு தொடங்குங்கள். அதற்கு "செய்தோம்" என்று பதில் வர ஆரம்பித்தால், தயங்குகிற பெண்களும் தைரியமாகப் பேசத் தொடங்குவார்கள்.