கறுப்புக் கண்ணாடியும் கண் காப்பும்

விமானம் ஏறுமுன் கிடைக்கும் ஓய்வு வேளையில் வெயிற்கண்ணாடி வாங்குவோர் பலர். சாங்கி, சிப்பாங் போன்ற பன்னாட்டு விமான நிலையக் கடைகளில் இவை வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. வாங்குவோர் முதலில் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கின்றனர்; அடுத்து, எவ்வளவு கறுப்பு என்று பார்க்கின்றனர். கறுப்பு மிகுந்தால் காப்பும் மிகும் என்பது அவர்தம் எண்ணம். இது பிழையான எண்ணம். கண்ணுக்குக் கேடு தரவும் வல்லது.

பெயர் தரும் மயக்கம்

இதற்குக் 'கறுப்புக் கண்ணாடி', 'குளிர்கண்ணாடி' என்னும் பெயர்கள் வழங்குகின்றன. முன்னது நிறத்தைச் சொல்கிறது. பின்னது அணிவோர் உணரும் குளிர்ச்சியைச் சொல்கிறது. காப்பு என்னும் பொருள் இரண்டிலும் இல்லை.

கதிரவன் ஒளியில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் உண்டு. தெரியாத புற ஊதாக் கதிரும் உண்டு. கண்ணைக் கூசச் செய்வது முன்னது. நாளடைவில் கண்புரைக்கும், வெண்விழியில் சதை வளர்வதற்கும் துணையாவது பின்னது. நிறம் குறைப்பது கூச்சத்தையே. புற ஊதாக் கதிரைத் தடுப்பது வில்லையின் மூலப்பொருளும், அதில் சேர்த்த அல்லது பூசிய வேதிப்பொருளுமாகும். ஆகவே நிறமற்ற வில்லையும் அக்கதிரைத் தடுக்கலாம். கரிய வில்லை அதனை உள்ளே விடலாம்.

வெயிலில் கண்பாவை சுருங்குவது இயற்கை தந்த காப்பு. கரிய கண்ணாடிக்குப் பின்னே அது விரிகிறது. கதிரைத் தடுக்காத கண்ணாடியானால், விரிந்த பாவை வழியே கதிர் மிகுதியாகப் புகும்.

கடையில் காண வேண்டுவன

முதலாவது, 'யு.வி. 400' என்னும் குறி. 400 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் என்பது இதன் பொருள்.

இரண்டாவது, நிறத்தின் வகை. இது 0 முதல் 4 வரை குறிக்கப்படும். கடும் வெயிலுக்கு ஏற்ற 3ஆம் வகை, 8 முதல் 18 விழுக்காடு ஒளியையே உள்ளே விடும். 4ஆம் வகை பனிமலைக்கு உரியது; அதனை அணிந்து வண்டி ஓட்டலாகாது.

மூன்றாவது, 'போலரைஸ்டு' என்னும் சொல். நீரிலும் சாலையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியின் கூச்சத்தை இவ்வகை வில்லை குறைக்கும். கைத்தொலைபேசித் திரைக்கு முன் கண்ணாடியைச் சுழற்றினால் திரை இருளக் காணலாம். ஆனால், அது புற ஊதாக் காப்புக்குச் சான்றாகாது.

செல்லும் ஊரையும் எண்ண வேண்டும். குளிர்நாட்டில் கண்ணாடி எதற்கு என்பார் உளர். உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 விழுக்காடு மிகுகிறது. புதுப்பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்ப வல்லது.

பிள்ளைகளின் கண்வில்லை பெரியோருடையதைவிடத் தெளிவானது. எனவே கதிர் அவர்தம் கண்ணில் ஆழமாகச் செல்லும். அவர்களுக்கு விளையாட்டுப் பொருளாக ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கித் தரும் பெற்றோர், விலைச்சீட்டுக்கு முன்பாக யு.வி. குறியைப் பார்த்தல் நன்று.