தலையசைத்தால் புரிந்துவிட்டதா?

காலை ரவுண்ட்ஸின்போது மூத்த மருத்துவர்களுடன் வெள்ளை அங்கி அணிந்த மாணவர்கள் சிலர் வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் உங்கள் கட்டிலருகே நின்று, "நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை சொல்லுங்களேன், அம்மா" என்று கேட்டால் தயங்க வேண்டாம். அங்கே தேர்வு எழுதிக்கொண்டிருப்பவர் அந்த மாணவர்தான்.

இந்த வழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முடக்குவாதத்திற்கு மீத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரையைத் தருகிறோம். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் உட்கொள்ள வேண்டிய மருந்து அது. சில ஆண்டுகளுக்கு முன் மூதாட்டி ஒருவருக்கு அதை எழுதிக் கொடுத்தோம். "வீக்லி ஒன்ஸ், நாலு டேப்லெட், பாட்டி" என்றார் உடனிருந்த மாணவர். பாட்டி தலையசைத்தார். பத்து நாள்களில் வாயெல்லாம் புண்ணாகி, காய்ச்சலுடன் திரும்பி வந்தார். நான்கு மாத்திரைகளையும் தினந்தோறும் உட்கொண்டிருக்கிறார். இரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. இரண்டு வாரம் உள்நோயாளியாக வைத்திருந்து அவரைக் காப்பாற்ற முடிந்தது. "புரியலைன்னு சொன்னா டாக்டர் தம்பி கோவிச்சுக்குவாரோன்னு பேசாம இருந்துட்டேன்" என்றார். மாணவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அருகில் நின்ற நாங்களும் அந்தத் தலையசைப்பை நம்பினோம்.

மருத்துவ மாணவருக்கு நோயைப் பற்றிய அறிவு நிறையவே உண்டு. ஆனால் நான்கரை ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே படித்தபின், தம் வீட்டுப் பாட்டியிடம் பேசும் தமிழ் வார்டில் அவருக்கு எளிதில் வருவதில்லை. 'டெஸ்ட் நெகட்டிவ்' என்பது அவருக்கு நல்ல செய்தி. கேட்பவருக்கோ நெஞ்சு படபடக்கும். 'வெறும் வயிற்றில்' என்றால் காபி குடிக்கலாமா என்ற கேள்வியே அவருக்கு எழாது. எங்களுக்கும் அந்த வயதில் எழவில்லை. சொல்லித் தருவாரும் இல்லை. 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசும் முறையும் இடம்பெற்றுள்ளது. எனினும் வகுப்பறையில் பாதிதான் கற்க முடிகிறது.

இப்போது எங்கள் மாணவர்கள் "புரிந்ததா?" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் யாரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். 'வாரம் ஒருமுறை' என்பதற்குப் பதிலாக 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்று சீட்டில் எழுதி, காலண்டரிலும் வட்டமிடச் சொல்கிறோம். இதனுடன் தரும் ஃபோலிக் அமில மாத்திரையும் பெரும்பாலும் அதே மஞ்சள் நிறத்தில் சிறியதாகவே இருக்கும். ஆகவே இரண்டு அட்டைகளையும் கையில் கொடுத்து, எது எந்தக் கிழமைக்கு என்று நோயாளியையே காட்டச் சொல்கிறோம்.

சென்ற மாதம் ஒரு பெரியவர் மாணவியிடம் எல்லாவற்றையும் பிசகின்றித் திருப்பிச் சொன்னார். அருகிலிருந்த மகள், "காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, டாக்டர்?" என்று கேட்டார். மாணவி அதைச் சொல்லவே மறந்திருந்தார். காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த வேளை மாத்திரையை உட்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று விளக்கிவிட்டு, தம் குறிப்பேட்டிலும் அதை எழுதிக்கொண்டார்.