பதினோராம் மணி

ஆங்கில பாஷையில் மரபுத் தொடர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. சொற்களைத் தனித்தனியே அறிந்தவனும் மொத்தத்தின் அர்த்தத்தில் தடுக்கி விழுவான். போடிநாயக்கனூரில் ஆங்கிலம் கற்பித்துவரும் நாம், இப்படி விழுந்த பிள்ளைகளைத் தூக்கி நிறுத்துவதிலேயே பல ஆண்டுகளைக் கழித்திருக்கிறோம். ஒரு நாள் நாமே விழுந்தோம். அந்தக் கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்ல வந்தோம்.

அன்றைய பாடத்தில் வந்த தொடர், ‘அட் தி இலெவன்த் அவர்’. நேராகப் பெயர்த்தால் ‘பதினோராம் மணியில்’ என்றாகும். காலம் தீர்ந்துபோகும் தறுவாயில் என்பது வழக்கிலுள்ள பொருள். இத்தொடரை அமைத்து வாக்கியம் எழுதச் சொன்னோம். ஒரு பையன், தன் தகப்பனார் தினந்தோறும் பதினோராம் மணியில் தேநீர் அருந்துவதாக எழுதி நீட்டினான். வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் மேல் என்ன குற்றம்? கடிகாரத்தில் பதினொன்றுக்குப் பிறகு பன்னிரண்டு இருக்கிறது. பதினொன்றில் எதுவும் முடிந்துவிடுவதில்லையே!

ஆகவே, தொடர் பிறந்த இடத்துக்கே பிள்ளைகளை அழைத்துப் போனோம். இதற்கு மூலம் என்று அறிஞர் காட்டுவது, மத்தேயுவின் சுவிசேஷத்தில் 20-ஆம் அதிகாரத்தில் ஏசுநாதர் சொல்லும் ஓர் உவமைக் கதை. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய், நாளுக்கு ஒரு வெள்ளிக்காசு கூலி பேசி ஆட்களை அனுப்புகிறார். மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி வேளைகளிலும் போய் ஆள் சேர்க்கிறார். கடைசியாகப் பதினோராம் மணிக்கும் போகிறார். அந்நாட்டார் சூரியோதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலைப் பன்னிரண்டு பங்காக்கி எண்ணினார்கள். ஆகவே பதினோராம் மணி என்பது நம் கடிகாரத்தில் ஏறக்குறைய மாலை ஐந்து.

நம் முன்னோரும் காலத்தை அளந்தவர்களே. நீரைக்கொண்டு நாழிகை அறிந்த செய்தி முல்லைப்பாட்டிலேயே இருக்கிறது. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிஷம். பகலுக்கு 30 நாழிகை. அந்தக் கணக்கில் பதினோராம் மணி என்பது 27½ நாழிகை. மிச்சம் இரண்டரை நாழிகைதான். கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டியதும் தேநீர்ப் பையனின் முகம் மலர்ந்தது. அன்னிய பாஷையைக் கற்பதில் இழிவொன்றும் இல்லை. அதை நம் மண்ணில் ஊன்றிப் பார்க்காமல் உருப்போடுவதுதான் இழிவு.

பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை விளைகிறது. மேற்கே மலை ஏறினால் ஏலத்தோட்டம். தோட்டத்துக் கதை அவர்களுக்குப் புதிதா? “ஏலக்காய்க்கும் பதினோராம் மணி உண்டு, ஸார்!” என்றான் ஒருவன். உண்மைதான். செடியிலேயே பழுக்கவிட்டால் காய் வெடித்துவிடும். பறித்த காயை 24 முதல் 36 மணி நேரத்துக்குள் ஸ்டோரில் உலர்த்தத் தொடங்கிவிட வேண்டும். தாமதித்தால் பச்சை மங்கும். பச்சை மங்கினால் ஏலத்தில் விலையும் மங்கும்.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “எங்கள் அம்மாவுக்குப் பதினோராம் மணி காலையிலேயே வந்துவிடும், ஸார்” என்றாள்.

அவள் தாயார் மலையில் காய் எடுக்கும் வேலைக்குப் போகிறவள். இருட்டோடு புறப்படும் ஜீப்புகள் முந்தலைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி இடுக்கித் தோட்டங்களுக்குப் போகின்றன. கடைசி ஜீப்பைத் தவறவிட்டால் அன்றைய கூலி முழுதும் போயிற்று. மாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டு வேலை கொடுப்பார் அங்கே யாரும் இல்லை.

“அந்தத் தோட்டக்காரர் கடைசியில் வந்தவர்களுக்கு என்ன கொடுத்தார், ஸார்?” என்று கேட்டாள்.

கதையின் முடிவை நாம் சொல்லவே இல்லை! தொடருக்குப் பொருள் கிடைத்ததும் நிறுத்திவிட்டோம். “முழுக் கூலி கொடுத்தார், அம்மா” என்றோம்.

“அப்படியானால் காலையிலேயே வந்தவர்கள் சும்மா இருந்தார்களா?” என்று ஒரு பையன் சண்டைக்கு வந்தான். அவர்கள் முணுமுணுத்ததையும் சொன்னோம். தோட்டக்காரர் கடைசி ஆட்களிடம், ‘பகலெல்லாம் ஏன் இங்கே சும்மா நின்றீர்கள்?’ என்று விசாரித்ததையும், ‘எங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை’ என்று அவர்கள் விடையளித்ததையும் சொன்னோம்.

இதைச் சொல்லும்போதே நம் நாக்குத் தடுமாறியது. ஏனென்றால் அந்தப் பெண் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மணி அடித்த பிறகு வருகிறவள். தாமதமாக வருகிறவர்களை முதல் பாடம் முடியும் வரை வாசலில் நிறுத்துவது நம் வழக்கம். தாயார் ஜீப் ஏறிய பின் உலை வைத்து, தம்பிக்குச் சோறு கட்டி, அவனைப் பள்ளியில் விட்டுவிட்டு அவள் வருகிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது. அவளாகச் சொல்லவில்லை, நாம் கேட்டபிறகு சொன்னாள். தோட்டக்காரர் கேட்ட கேள்வியை நாம் இத்தனை நாளாகக் கேட்டதே இல்லை!

காலம் தீர்கிறது என்று பிறரை அதட்டுவதற்கு இத்தொடர் நன்றாகப் பயன்படும். ஆனால் அது பிறந்த கதையில் அதட்டல் இல்லை; ஒரு விசாரிப்பு இருக்கிறது, ஒரு முழுக் கூலி இருக்கிறது. பொழுது சாயும் வேளையில் தோட்டத்தின் கதவு திறந்தே இருக்கிறது.

மறுநாள் முதல், தாமதித்து வருகிறவர்கள் நேரே உள்ளே வந்து உட்காருகிறார்கள். காரணத்தைப் பாடம் முடிந்த பிறகு தனியே விசாரிக்கிறோம்.

அந்தப் பெண் நோட்டில் எழுதியிருந்த ஆங்கில வாக்கியத்தின் பொருள் இது: ‘பதினோராம் மணியில் என் அம்மா ஜீப்பைப் பிடித்துவிட்டாள்.’ இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.