புரிசைக் கூத்தும் பொன்வயல் தமிழரும்

நம்மவருள் பலருடைய பாட்டனாரும் பூட்டனாரும் வட ஆர்க்காட்டுக் கிராமங்களினின்று இங்கு வந்தவர்கள். 1880-ஆம் ஆண்டை அடுத்து ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்க வேலையை மேற்கொண்டபின், மைசூர் மைன்ஸிலும் சாம்பியன் ரீப்பிலும் உரிகத்திலும் குடியேறிய அம்மக்கள் கொண்டுவந்த சொத்து அதிகமில்லை. ஆனால் அவர்கள் புறப்பட்டு வந்த சீமை தெருக்கூத்துக்குப் பேர்போன சீமை. ஆகவே, செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை என்னும் சிற்றூரில் ஒரு குடும்பம் அக்கலையைக் காத்துவருவது நமக்கு அயலார் செய்தியன்று, தாய்வீட்டுச் செய்தியாகும்.

அவ்வூர்த் தம்பிரான் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடி வருபவர்கள். நடேசத் தம்பிரானும், கண்ணப்பத் தம்பிரானும் சென்ற நூற்றாண்டில் பெரும்புகழ் எய்தினர். கண்ணப்பரின் மைந்தர் சம்பந்தனுக்கு 2025-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருதை அறிவித்தது. அதே ஆண்டில் அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானும் அவ்விருதுக்கு உரியவரானார். ஊர்க்கோடியில் நிறுத்தப்பட்ட பறைக்கும் டில்லியில் ஆசனம் கிடைத்தது, நல்லது.

கூத்து என்றவுடன் வேடத்தையும் மரக் கிரீடத்தையும் நினைப்பவரே அதிகம். என் எண்ணத்தில் அதன் உயிர் பாட்டேயாகும். மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், அளவில் சிறியதாயினும் ஒலியில் கூரிய முகவீணை ஆகியவற்றோடு பின்பாட்டுக்காரர் நிற்பர். வேடம் புனைந்தவர் ஓர் அடி பாடினால் பின்பாட்டார் அதை வாங்கிப் பாடுவர். அந்த இடைவெளியில் அவர் மூச்சு வாங்கி அடவு பிடித்து ஆடுவார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் அமர்ந்த கிழவிக்கும் கேட்கவேண்டியிருந்தது. ஆகவே குரலை உச்சத்திலேயே எடுப்பது வழக்கமாயிற்று. நாகரிகக் காதுக்கு அது கூச்சலாகப் படலாம், குற்றம் காதினுடையது.

கதையும் வசனமும் ஏட்டில் இருக்கலாம். மெட்டும் நடையும் ஏட்டில் நில்லா. பெரியவர் பக்கத்தில் நின்று பல்லாண்டு பின்பாட்டுப் பாடித்தான் அவற்றைப் பெறவேண்டும். ஆகையால் முதியவர் ஒருவர் மறையும்போது, அவரிடமிருந்து எவரும் வாங்கிக்கொள்ளாத மெட்டுகளும் உடன் மறைகின்றன.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வர்ஜினியா மலைநாட்டில் கார்ட்டர் குடும்பத்தார் பழைய நாட்டுப்பாடல்களைத் தேடித் திரட்டிப் பாடினர். 1927-ல் பிரிஸ்டல் நகரில் அவர்கள் பாட்டு முதன்முதலாக இசைத்தட்டில் பதிவாயிற்று. குடும்பத் தலைவர் ஏ. பி. கார்ட்டர் 1960-ல் காலமானார். தம் பாட்டைக் காக்குமாறு அவர் கேட்டுக்கொண்டபடி மகள் ஜேனட் அம்மையார், தந்தையின் பழைய மளிகைக் கடையிலேயே 1974-ல் கச்சேரிகளைத் தொடங்கினார். அங்கே மின்சாரக் கருவிகள் கூடாவென்பது விதி. புரிசையார் அவ்வளவு கண்டிப்புடையவரல்லர்; பாரதக் கதைகளோடு கொலம்பியா நாட்டு எழுத்தாளர் மார்க்வெஸின் கதையொன்றையும் கூத்தாக்கி ஆடினர். மெட்டும் அடவும் கெடாதவரை கதை எங்கிருந்து வந்தால் என்ன என்பது என் கட்சி.

நம் ஊர்ச் சங்கடம் வேறு வகையானது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. இளைஞர்கள் இருள் பிரியுமுன் மாரிக்குப்பம் வண்டியேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். (சீட்டுக் கொடுக்கும் எனக்கு அவர்கள் முகத்தைவிடக் கொட்டாவியே அதிகப் பழக்கம்.) விடிய விடிய ஆடும் கூத்தை அவர்கள் எங்ஙனம் பார்ப்பர்? சனிக்கிழமை இரவில், மூன்று மணி நேரத்தில் முடியும்படி ஒரு படலத்தை மட்டும் ஆடச்செய்தல் கூடும். முழு இரவுக் கூத்தின் சுவை அதில் வாராது. எனினும் பிள்ளைகள் வந்து அமர்வார்கள்.

கூத்துப்பாட்டோ ஒப்பாரியோ தாலாட்டோ அறிந்த முதியவர் உள்ள வீட்டார் அதைக் கைப்பேசியில் பதிந்து வைத்தல் வேண்டும். பாட்டோடு, அவர் எந்த ஊரில் யாரிடம் கற்றார் என்பதையும் சொல்லச் செய்யுங்கள். பேரப்பிள்ளை ஒருவனைப் பக்கத்தில் அமர்த்திப் பின்பாட்டுப் பாடவிடுங்கள். அந்நேரம் தொலைக்காட்சிப் பெட்டியை நிறுத்திவிடவும்.