அப்பா விட்டுப்போன தோட்டாக்கள்: என்ன செய்வது?

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி பக்கம் காபியும் மிளகும் மலைவாழையும் வைத்திருக்கும் குடும்பம் அது. பெரியவர் தை மாதம் காலமானார். காரியமெல்லாம் முடிந்ததும் பழைய வீட்டை ஒழித்து வெள்ளையடிக்கலாம் என்று, பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை மூத்த மகன் இறக்கினார். மேலே வேட்டிகள், பத்திர நகல், கூட்டுறவுச் சங்க ரசீதுகள். அடியில் ஒரு தோல் பெல்ட்டும் பழைய பிஸ்கட் டின்னும். டின்னைத் திறந்தால், 12 போர் துப்பாக்கித் தோட்டாக்கள். எண்ணிப் பார்த்ததில் 37 இருந்தன.

துப்பாக்கி வீட்டில் இல்லை. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கியிருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியைத் தேர்தல் சமயத்தில் பெரியவர் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். பிறகு உடம்பு முடியாமல் போனதால் திரும்ப வாங்கவே இல்லை. "துப்பாக்கியே ஸ்டேஷன்ல இருக்கு, வெறும் தோட்டாவால என்ன வந்துடப் போகுது?" என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். கோவையில் வேலை பார்க்கும் இளைய மகன், அப்பா ஞாபகமாக நாலு தோட்டாவை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பக்கத்துத் தோட்டக்காரர் வேறு கணக்கோடு வந்தார். "அண்ணே, சும்மாதானே கெடக்கு. எங்கிட்ட குடுங்க, பன்னித் தொல்லைக்கு ஆகும்."

மூன்றுமே ஆபத்தான யோசனைகள். மலையடிவாரக் கிராமங்களில் பல வீட்டுப் பரண்களில் இப்படி ஒரு டின் இருக்கக்கூடும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகவே சொல்கிறது. அதன் 3-வது பிரிவின்படி இரண்டில் எதை வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி இல்லாமல் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் அதுதான் கணக்கு. லைசென்ஸ் என்பது ஆளுக்குத் தரப்படுவது. வீட்டுக்கோ தோட்டத்துக்கோ தரப்படுவதல்ல. பட்டாவைப் போல அது வாரிசுக்குத் தானாக இறங்கி வராது. பெரியவர் காலமான அன்றே அவருடைய லைசென்ஸும் முடிந்துவிட்டது. இப்படி உரிமை போய்விட்ட ஆயுதத்தையும் தோட்டாவையும் தாமதமில்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இருப்பது தெரிந்தே வைத்திருந்தாரா என்பதை நீதிமன்றங்கள் பார்க்கின்றன. பரணில் டின் இருப்பதே தெரியாத மகனின் நிலை வேறு, டின்னைத் திறந்து எண்ணிப் பார்த்த மகனின் நிலை வேறு. எண்ணி முடித்த பிறகு 'நல்ல நாள் பார்த்துக் கொடுக்கலாம்' என்று தள்ளிப்போடுவதுதான் சிக்கலை இழுத்துவரும்.

பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டது அதைவிட மோசம். லைசென்ஸ் இல்லாதவருக்குத் தோட்டாவைக் கொடுப்பதும் குற்றம். அவரிடமே லைசென்ஸ் இருந்தாலும், எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்று அவருடைய புத்தகத்தில் அளவு போட்டிருப்பார்கள். கணக்கில் வராத தோட்டா அவரிடம் இருக்கக் கூடாது. பன்றி விஷயத்துக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் இருப்பதாலேயே விலங்கைச் சுட அனுமதி வந்துவிடாது. பன்றித் தொல்லை சின்ன விஷயமல்ல; ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் மரவள்ளியைப் பறிகொடுத்தவருக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் அதற்கான வழி வனச்சரக அலுவலகத்தில் கொடுக்கும் மனுதான். இறந்துபோனவரின் தோட்டா அதற்கு வழியாகாது.

சட்டத்தை விடுங்கள், அந்தத் தோட்டா சுடுவதற்கு லாயக்கா?

பெரியவருடைய டின்னில் இரண்டு வகை இருந்தன. சில பிளாஸ்டிக் கூடு போட்டவை. மற்றவை பழைய காகிதக் கூடு, அடியில் பித்தளை மூடி. காகிதக் கூடு மலைக்காட்டு ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். உப்பிய தோட்டா குழலுக்குள் முழுதாக இறங்காது, அல்லது இறங்கிச் சிக்கிக்கொள்ளும். ஈரம் பட்ட மருந்து பாதி பலத்தோடு வெடித்தால் உள்ளிருக்கும் அடைப்பான் குழலின் நடுவிலேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். குழலைத் தாங்கிப் பிடிக்கும் இடது கை அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சில சமயம் விசையை இழுத்தும் சத்தம் வராது. சில நொடி கழித்து வெடிக்கும். 'இது செத்த தோட்டா' என்று உடனே குழலைத் திறந்து முகத்துக்கு நேரே பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது அப்படித்தான்.

பித்தளையும் சாகாவரம் வாங்கிய உலோகமல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் இருந்த ராணுவத்தின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. காரணம் வெகுநாள் புரியவில்லை. குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாதான் பித்தளையை அரித்தது என்று 1921-இல் விளக்கம் வந்தது. நம் வீடுகளில் பரணுக்குக் கீழே மாட்டுத்தொழுவம், பக்கத்து அறையில் யூரியா மூட்டை. வேறு சொல்ல வேண்டியதில்லை. அந்த 37-இல் பாதிக்கு மேல் அடிப்பகுதி பச்சை பூத்திருந்தது. சிலவற்றில் மயிரிழை போல விரிசலும் தெரிந்தது.

மூடியைத் திறந்ததும் காரமான அமில நெடி அடித்தால் உள்ளே புகையில்லா மருந்து கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் கை வைக்கக் கூடாது. நாட்டுத் துப்பாக்கி இருந்த வீடுகளில் தோட்டாவுக்குப் பதில் கரிமருந்தும் கேப்பும் ஈய ரவையும் கிடைக்கும். வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த இந்தக் கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் தாத்தா காலத்தில் அரைத்ததாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். சுவரில் மாட்டியிருக்கும் நாட்டுத் துப்பாக்கிக்குள் மருந்து கெட்டித்தபடியே இருக்கவும் வாய்ப்புண்டு. துடைத்து வைக்கலாம் என்று எடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி, ஊரில் ஆளாளுக்குச் சொல்லும் வழிகள். அடுப்பிலோ குப்பையிலோ போட்டு எரிப்பது: குழலுக்கு வெளியே வெடிக்கும் தோட்டாவின் ரவையைவிட, தெறிக்கும் பித்தளைத் துண்டும் கேப்பும் கண்ணைப் பறித்துவிடும். கிணற்றில் வீசுவது: தோட்டாவில் இருப்பது ஈயம். குடிக்கிற தண்ணீரில், பாய்ச்சுகிற தண்ணீரில் அது எதற்கு? புதைப்பது: என்றைக்காவது ரோட்டவேட்டரோ ஜேசிபியோ அதைக் கிளறும். ரவை மேலே வந்தால் கோழி அதைப் பருக்கைக் கல் என்று பொறுக்கித் தின்னும். இரைப்பையில் அரைபட்ட ஈயம் பறவைகளைக் கொல்லும்.

தோட்டாவைப் பிரித்து ஈயத்தை வலைக்குண்டுக்கு உருக்கலாம், மருந்தைத் தனியாக எடுக்கலாம் என்பவர்களிடம்தான் ரொம்ப எச்சரிக்கை வேண்டும். அப்படி எடுக்கும் மருந்து கடைசியில் அவுட்டுக்காய்க்குப் போய்விடக்கூடும். பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் கிழிந்த யானை, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. மேய்ச்சலுக்குப் போன மாடும் கடித்திருக்கிறது. அந்த மருந்து யார் வீட்டிலிருந்து போனது என்று விசாரணை வந்தால் பதில் சொல்ல முடியாது.

தாண்டிக்குடிக் குடும்பம் கடைசியில் செய்தது இதுதான். டின்னை மூடி, வெயிலும் அடுப்பும் அண்டாத அறையில் வைத்துப் பூட்டினார்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். மூத்தவர் முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, அப்பா லைசென்ஸ் விவரத்தையும் தோட்டா எண்ணிக்கையையும் சொல்லி, "நாங்க கொண்டுவரலாமா, நீங்க வந்து எடுத்துக்கறீங்களா சார்?" என்று கேட்டார். இந்தப் போன் முக்கியம். சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் வழியில் வாகனச் சோதனையில் நிற்பவருக்கு நம் நோக்கம் தெரியாது. பஸ்ஸில் கொண்டுபோகவே கூடாது. விரிசலும் நெடியும் இருப்பதைச் சொன்னதால் போலீஸாரே வீட்டுக்கு வந்தார்கள். நிலைமை மோசமாக இருந்தால் வெடிகுண்டு அகற்றும் பிரிவை அவர்களே அழைப்பார்கள். அந்த முடிவு நம்முடையது அல்ல.

ஒப்படைக்கும்போது லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல், எத்தனை, என்ன வகை, எப்போது எங்கே கிடைத்தது என்று எழுதிய கடிதம் ஆகியவை கையில் இருந்தன. கடிதத்தின் நகலில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்கினார்கள். ரசீது வாங்காமல் கொடுத்தால் கொடுத்ததற்குச் சாட்சி இல்லை. தேர்தல் சமயத்தில் துப்பாக்கிக்குக் கொடுத்த பழைய ரசீதும் டிரங்குப் பெட்டியிலேயே கிடைத்தது நல்லதாகப் போயிற்று.

துப்பாக்கி தேவை என்று நினைக்கும் வாரிசுக்கு 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதத்தோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தன் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். 70 வயதான, அல்லது 25 வருடம் துப்பாக்கி வைத்திருந்த லைசென்ஸ்தாரர் தாம் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கவும் அதே விதி இடம் தருகிறது. வீட்டில் பெரியவர் இருப்பவர்கள் இப்போதே பேசிக்கொள்வது நல்லது. லைசென்ஸ் கிடைத்தாலும் பழைய தோட்டாவைக் கேட்க வேண்டாம். கடையில் புதிதாக வாங்குங்கள்.

இளைய மகனுக்கு ஒரு தோட்டாவும் கிடைக்கவில்லை. அந்தத் தோல் பெல்ட்டை மட்டும் போலீஸார் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வெறும் தோலும்மா, வெச்சுக்கங்க" என்று பெரியவரின் மனைவியிடம் கொடுத்தார்கள். இப்போது அது காபிக் களத்துக் கதவோரம், பெரியவரின் குடைக்குப் பக்கத்தில் தொங்குகிறது.