நுகர்வோர் வழக்கும் பட்டறைக்காரர் கடமையும்

காயில் கட்டிய மோட்டார் மீண்டும் எரிந்தால், உழவர் பட்டறைக்காரர்மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். அறிவிப்பைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை, அலட்சியமும் கூடாது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதிலளித்தல் வேண்டும். ஆணையம் இசைந்தால் மேலும் 15 நாட்கள் கிடைக்கும், அவ்வளவே. இத்தகைய கெடு கட்டாயமானதென 2020இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. பதில் இல்லையெனில், எதிர்த்தரப்பின்றியே வழக்கு முடிந்துவிடலாம்.

புகாரின் ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனியே விடை எழுதுக. ரசீது, மாற்றிய பொருள்களின் பட்டியல் ஆகியவற்றின் நகல்களை இணைத்திடுக. வேலைக் குறையால் எரிந்ததா, மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அற்றதால் எரிந்ததா என்பதே வழக்கின் உயிர்நாடி. குறை நம்முடையதாயின் சமரசமே நலம்.

ரசீதின்றி வேலை கொடுப்பதும் செய்வதும் நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அதை மாற்ற ஊராட்சி உறுப்பினர்கள் முன்வருவார்களாக! ஒரு துண்டுச் சீட்டு இருதரப்பையும் காக்கும்.